கொழுக்கட்டைப் புல் விதை: மானாவாரி மேய்ச்சல் நிலத்துக்கு வாங்கத் தகுந்ததா?

தீவன விதை விற்கும் கடைகளில் இன்று முதலில் கண்ணில் படுபவை நேப்பியர் என்னும் பாசனத் தீவனப் புல்லின் கரணைகளும் (நடவுத் தண்டுகளும்), அவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் விளைச்சல் டன் கணக்குகளும்தான். விலைப்பட்டியலின் அடியில், பெரும்பாலும் ஒரே வரியாக, கொழுக்கட்டைப் புல் விதை இடம்பெறும். வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் இடைப்பட்ட எங்கள் மானாவாரிக் காட்டில் இந்த விதையை வாங்கி விதைத்து, அதில் மாடும் ஆடும் மேய்த்து, மிஞ்சியதை அறுத்துக் காயவைத்துப் போர் போட்டும் பார்த்த அனுபவத்தில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பாசன வசதி இல்லாத, வேலி உள்ள, ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவில் மழை பெறும் நிலம் உங்களிடம் இருந்தால், இதைவிடப் பொருத்தமான பல்லாண்டுப் புல் விதையை நான் சந்தையில் பார்த்ததில்லை. கிணற்றுப் பாசனத்தில் நாள்தோறும் அறுத்துக் கட்டுத்தரைக்குக் கொண்டுபோய்ப் போட ஒரு புல் வேண்டும் என்பவர்கள் இதை வாங்க வேண்டாம்.

கொழுக்கட்டைப் புல் என்ற ஒரே பெயரில் மூன்று இனங்கள் கடைக்கு வருகின்றன. செங்க்ரஸ் சிலியாரிஸ் என்பது வெளிநாடுகளில் பஃபல் புல் என்று அறியப்படும் இனம். செங்க்ரஸ் செட்டிஜெரஸ் அதைவிடச் சற்றுக் குட்டையாகத் தூர் கட்டும் இனம். இலையில் நீலச் சாம்பல் பூத்தாற்போலத் தோன்றும் நீலக் கொழுக்கட்டை மூன்றாவது. நீலக் கொழுக்கட்டையில் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ‘கோ 1’ என்ற ரகத்தை வெளியிட்டுள்ளது. முதல் இரண்டு இனங்களிலும் ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் ‘மார்வார் அஞ்சன்’, ‘மார்வார் தாமன்’ ஆகிய ரகங்களை உருவாக்கியது. ஜான்சியில் 1962-இல் தொடங்கப்பட்ட இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ‘புந்தேல் அஞ்சன்’ ரகங்கள் வந்தன. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பொட்டலத்தில் இருப்பது இவற்றுள் எது என்பதே. ரகத்தின் பெயர் அச்சிடாமல் வெறுமனே ‘மேய்ச்சல் புல்’ என்று எழுதிய பொட்டலத்தை வாங்கக் கூடாது.

கொங்கு நாட்டில் இது வெளியிலிருந்து வந்த புதுச் சரக்கு இல்லை. காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர், கரூர் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வரும் கொறங்காடு என்னும் தனியார் மேய்ச்சல் நிலத்தின் தரை முழுவதும் இந்தப் புல்தான். சுற்றிலும் முள்ளுக்கிளுவைப் போத்து ஊன்றிய உயிர்வேலி, நடுவே இடைவெளி விட்டு நிற்கும் வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல்லும் அதனூடே படரும் நரிப்பயறும் செப்புநெருஞ்சியும் என்று அமைந்த அந்த நிலமே காங்கேயம் மாட்டினத்தையும் மயிலம்பாடிச் செம்மறியையும் வளர்த்தது. காங்கேயம் காளைகளின் பெயரைத் தென்னிந்தியா முழுவதும் பரப்பிய பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தின் மந்தைகளுக்கும் அடிப்படைத் தீவனம் இத்தகைய காடுகளிலேயே கிடைத்தது. இன்று பல கொறங்காடுகள் காற்றாலைகளுக்கும் சூரிய மின்பலகைகளுக்கும் வீட்டுமனைகளுக்கும் போய்விட்டன. எஞ்சியவற்றிலும் அளவு மீறி மேய்த்ததால் புல் தேய்ந்து, ஆவாரையும் சீமைக்கருவேலும் ஏறியிருக்கின்றன. அப்படித் தேய்ந்த காட்டை மீட்க நினைப்பவர்களுக்குத்தான் இந்த விதைப் பொட்டலம் உண்மையில் தேவைப்படுகிறது.

இனி விதையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஏமாற்றம் அடைவது இந்த இடத்தில்தான். பொட்டலத்தைப் பிரித்தால் சோளம், கம்பு போல மணியாக எதுவும் தெரியாது. பழுப்பும் ஊதாவும் கலந்த, மெல்லிய சுணை சூழ்ந்த பஞ்சு போன்ற உருண்டைகளே கைக்கு வரும், ஊதினால் பறக்கும். அந்த ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் ஒன்று முதல் நான்கு சிறுகதிர்கள் வரை இருக்கலாம், அவற்றுள் அரிசி பிடித்ததும் இருக்கலாம், பதராகவே நின்றதும் இருக்கலாம். வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு காண முடியாது. ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் சுணை உதிர்ந்து, கடுகைவிடச் சிறிய, மங்கிய பழுப்பு நிற அரிசி வெளிப்படும். அதைக் கறுப்புத் தட்டில் தட்டி எண்ணிப் பார்த்தால் அந்தப் பொட்டலத்தின் தரம் அங்கேயே தெரிந்துவிடும். பத்து உருண்டையைத் தேய்த்து ஒன்றிரண்டு அரிசி மட்டுமே கிடைத்தால் நீங்கள் விலை கொடுத்தது பதருக்கு.

இந்தியக் குறைந்தபட்ச விதைச் சான்றுத் தரத்தின்படி இந்தப் புல்லின் சான்று விதைக்கே 30 விழுக்காடு முளைப்புத்திறன் இருந்தால் போதும். நெல்லுக்கு 80 விழுக்காடு கேட்டுப் பழகிய உழவருக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம். ஆனால் புல் விதைகளின் இயல்பு அதுவே, கினியாப் புல்லுக்கு அந்த அளவு இன்னும் குறைவு. ஆகவே விலையைக் கிலோவுக்கு எவ்வளவு என்று பார்ப்பதைவிட, முளைக்கும் விதைக்கு எவ்வளவு என்று கணக்கிடுவதே சரி. 30 விழுக்காடு முளைக்கும் விதையைவிடப் பாதி விலைக்கு, 10 விழுக்காடு மட்டுமே முளைக்கும் விதை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உயிருள்ள ஒவ்வொரு விதைக்கும் நீங்கள் ஒன்றரை மடங்கு விலை கொடுக்கிறீர்கள். அதோடு, முளைக்காத காட்டுக்காக ஒரு மழைப் பருவத்தையும் இழக்கிறீர்கள்.

என் குறை ஒன்றையும் இங்கே பதிவு செய்கிறேன். இணையத்தில் விற்கும் ஒரு வணிகரிடமிருந்து வாங்கிய பொட்டலத்தில் ரகத்தின் பெயரும் இல்லை, அறுவடை செய்த மாதமும் இல்லை, ‘90 விழுக்காடு முளைக்கும்’ என்ற வாக்குறுதி மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. ஈரச்சாக்கில் பரப்பிச் சோதித்தபோது அங்கொன்றும் இங்கொன்றுமாகவே முளை கண்டது. விசாரித்தபோது, தண்ணீர் போதாமல் இருந்திருக்கும் என்ற பதிலோடு அவர் நிறுத்திக்கொண்டார். இந்தப் புல்லின் விதைக்கு 90 விழுக்காடு என்று எவர் சொன்னாலும் அவருக்கு இந்த விதை தெரியாது என்றே கொள்ள வேண்டும். அதற்கு மாறாக, பல்கலைக்கழகத்தின் தீவனப் பயிர்த் துறையிலிருந்து பெற்ற விதையில் ரகமும் பருவமும் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தன, தேய்த்துப் பார்த்தபோது அரிசியும் நன்றாகப் பிடித்திருந்தது. அங்கே எப்போதும் இருப்பு இருப்பதில்லை என்பது ஒன்றுதான் சங்கடம். பருவத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

நல்ல விதையாக இருந்தாலும் புதிதாக அறுத்ததாக இருந்தால் முளைக்காது. கொழுக்கட்டைப் புல் விதைக்கு ஆறு முதல் எட்டு மாதம் வரை உறக்க காலம் உண்டு. வறண்ட நிலத்துப் புல்லுக்கு இது ஒரு தற்காப்பு: கார்த்திகையில் உதிர்ந்த விதை மார்கழித் தூறலுக்கு ஏமாந்து முளைத்து, மாசி வெயிலில் மடிந்துபோகாமல், அடுத்த பருவ மழை வரை மண்ணில் காத்திருக்கிறது. தை மாதம் சேகரித்த விதையை ஆவணி, புரட்டாசியில் விதைத்தால் உறக்கம் தானாகவே கலைந்திருக்கும். அவ்வளவு காலம் ஆகாத விதையை விதைக்க வேண்டிய நிலை வந்தால், 1 விழுக்காடு பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில், அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் என்ற அளவில், 48 மணி நேரம் ஊறவைத்து விதைக்கலாம் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. உரக்கடைகளில் சொட்டுநீர்ப் பாசனத்துக்கென்று 13-0-45 என்ற எண்ணோடு விற்கும் உரம் இந்தப் பொட்டாசியம் நைட்ரேட்தான் என்பதால் தனியாக எங்கும் தேடி அலைய வேண்டியதில்லை. ஊறிய விதையை நிழலில் பரப்பி, மணலோடு பிசிறும் பதத்துக்கு உலர்த்திக்கொள்ள வேண்டும். பொட்டலத்தில் அறுவடை மாதம் அச்சிட்டிருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. அந்த ஒரு விவரம் இல்லாமல் விதை செத்ததா, உறங்குகிறதா என்பதை வாங்கியவரால் அறிய முடியாது.

ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ, அதாவது ஏக்கருக்குச் சுமார் இரண்டரையிலிருந்து மூன்று கிலோ போதும். விதை இலகுவாக இருப்பதால் விதைப்புக் கருவியில் இறங்காது, வெறுங்கையால் தூவினால் காற்று ஒரு மூலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஈர மணலும் சலித்த மட்கிய எருவும் சேர்த்துப் பிசிறித் தூவுவதே எங்கள் பக்கத்தில் உள்ள முறை. செம்மண்ணும் சாணமும் குழைத்து விதையைச் சிறு உருண்டைகளாக்கிக் காயவைத்துத் தூவினால் எறும்பு இழுத்துச் செல்வதும் குறைகிறது. ஆழமாகப் புதைக்கக் கூடாது. ஒரு சென்டிமீட்டர் மண் மேலே மூடினால் அதிகம். உழுது, தூவி, முள்மரக் கிளை ஒன்றை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. சரளைச் செம்மண், மணற்பாங்கான நிலம், சுக்காம்பாறை கலந்த நிலம் எல்லாவற்றிலும் இது பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் தேங்கும் களிமண்ணில் மட்டும் வராது, அத்தகைய தாழ்வான மூலைகளை விட்டுவிடலாம்.

முதல் ஆண்டில் இந்தப் பொருளை மதிப்பிடக் கூடாது என்பதை வாங்குபவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். முளைத்த நாற்று நூலைப் போல மெலிந்து, களைகளுக்கிடையே கண்ணுக்கே படாமல் நிற்கும். மேலே வளர்வதற்கு முன் அது வேரைக் கீழே அனுப்புகிறது. நன்கு வேரூன்றிய தூரின் வேர் இரண்டு மீட்டர் ஆழத்துக்கும் மேல் இறங்கக் கூடியது. அந்த வேர் இறங்குவதற்கு முன் ஆட்டை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் பக்கத்துக் காட்டுக்காரர் விதைப்பு நாளன்றே சொல்லிவிட்டார்: “மொத மழைக்கே ஆட்ட உள்ள உட்றாதீங்க, வேரோட புடுங்கிப் போட்ரும். வெத கொட்டட்டும், அப்பறம் பாத்துக்கலாமுங்க.” அவர் சொன்னபடி முதல் கதிர் முற்றி விதை உதிரும் வரை படலைக் கட்டி வைத்ததால், மறு பருவத்தில் இடைவெளிகளிலெல்லாம் புது நாற்று எழுந்தது. பொறுக்க முடியாமல் முதல் ஆண்டே மேய்த்துவிட்டு, புல் சரியில்லை என்று எழுதப்பட்ட மதிப்புரைகள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். அவை விதையைக் குறித்த நியாயமான தீர்ப்புகள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மேய்ச்சலில்தான் இந்தப் புல்லின் உண்மையான மதிப்பு வெளிப்படுகிறது. தூரின் அடிப்பகுதியில் தண்டு சற்றுப் பருத்து, அங்கே மாவுச்சத்தைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. மேலே உள்ளதெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறமான பிறகும் அடித்தூரில் உயிர் இருக்கும். சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தால், மற்ற நிலங்களில் விதை முளைக்கத் தொடங்குவதற்கு முன்னரே, காய்ந்த தூரின் நடுவிலிருந்து பச்சைக் குருத்து எழுந்து நிற்கும். அந்த நேரத்தில் வெளியே தீவனத்தை விலைக்கு வாங்கினால் என்ன செலவு ஆகும் என்பது மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். நேப்பியரின் டன் கணக்கோடு கொழுக்கட்டைப் புல்லை ஒப்பிட்டுத் தள்ளிவிடுகிறவர்கள் இந்தச் சித்திரைப் பச்சையைக் கணக்கில் எடுப்பதில்லை.

இந்தப் புல் எவ்வளவு காலம் நிற்கும் என்பது விதையைவிட மேய்ப்பவரின் கையிலேயே உள்ளது. மாடு நாக்கால் சுற்றி இழுத்துத் தின்பதால் தரையை ஒட்டிக் கடிக்க முடியாது, அடித்தூர் தப்பிவிடும். செம்மறி உதட்டைத் தரையோடு வைத்து, அந்தச் சேமிப்புத் தண்டு வரை கொறித்துவிடும். அதனால் முதலில் மாடு, பிறகு ஆடு என்ற வரிசையை மாற்றாமல் இருப்பதும், ஆடு ஒரே பகுதியில் நாள்கணக்கில் நிற்காமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். கொறங்காட்டை மூன்று நான்கு பகுதிகளாகக் கிளுவை வேலியால் பிரித்து வைத்த முன்னோர் இதை நன்றாகவே அறிந்திருந்தனர். ஒரு பகுதியில் மேயும்போது மற்றவை தழைக்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு பகுதியிலும் விதை உதிர விட வேண்டும். பல ஆண்டுகள் மிதிபட்டு மண் இறுகிய காட்டைப் பருவ மழைக்கு முன் ஒரு சால் உழுதுவிட்டால், மண்ணுக்குள் கிடக்கும் பழைய விதையே எழுந்து காட்டைப் புதுப்பிக்கும், புது விதை வாங்க வேண்டியிராது.

புல்லை மட்டும் விதைப்பதைக் காட்டிலும் முயல்மசால் என்னும் தீவனச் செடியோடு கலந்து விதைப்பது நல்லது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு முயல்மசால் என்ற அளவு பொருத்தமாக இருக்கிறது. முயல்மசால் விதைக்கு மேல்தோல் கடினம் என்பதால் சுடுநீரில் சில நிமிடம் நனைத்து, பிறகு குளிர்ந்த நீரில் ஊறவைத்துக் கலக்க வேண்டும். பயறு வகைச் செடியான அது மண்ணுக்குத் தழைச்சத்தைத் தருகிறது, புல் முற்றிப் புரதம் குறைந்த மாதங்களில் அதன் தழை அந்தக் குறையை ஈடு செய்கிறது. இரண்டு விதையையும் முன்கூட்டியே கலந்து விற்கும் பொட்டலங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டுக்கும் வேண்டிய முன்நேர்த்தி வெவ்வேறு.

உலர்புல்லாகச் சேமிப்பதற்கு இது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். நன்றாகவே வருகிறது, ஆனால் அறுக்கும் நாள் தவறக் கூடாது. கதிர் வெளிவரத் தொடங்கும் பருவத்தில் தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரம் விட்டு அறுத்து, மெல்லியதாகப் பரப்பி, ஒரு முறை புரட்டிவிட்டு, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைத்தால், தண்டு மெலிந்த புல் ஆதலால் இலையும் தண்டும் ஒரே சீராக உலர்ந்துவிடும். கணுவை முறுக்கினால் சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். ஈரம் 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காமல் போர் போட்டால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடித்துவிடும். சரியாக உலர்ந்த புல் வெளிர்பச்சை நிறத்தோடு இருக்கும். கட்டைப் பிரித்ததும் மாடு தலையை நீட்டும். நான்கு கிலோ பசும்புல்லுக்குச் சுமார் ஒரு கிலோ உலர்புல் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புல் அறுப்புக்கு வரும்போது வானம் மூடியிருப்பதுதான் எங்கள் பகுதியில் பெரிய இடையூறு. மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியில் அறுக்கலாம் என்று தள்ளிப்போட்டால் கதிர் முற்றித் தண்டு நாராகிவிடுகிறது. அந்தக் காரணத்தால், சோளத்தட்டுப் போருக்கு மாற்றாக இதை நான் சொல்ல மாட்டேன். சோளத்தட்டுக்குத் துணையாக, கன்றுகளுக்கும் கறவைக்கும் தனியாக எடுத்துவைக்கத் தகுந்த தரமான உலர்தீவனம் என்றே சொல்வேன்.

சத்து விஷயத்தில் விற்பனையாளர்கள் ஒரே ஒரு புரத அளவைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள், அது வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும். இளங்குருத்தாக இருக்கும்போது உலர்எடையில் 10 விழுக்காட்டுக்கும் மேல் புரதம் கொண்ட இதே புல், விதை உதிர்ந்து காய்ந்து நிற்கும்போது ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும். தீவனத்தில் புரதம் 7 விழுக்காட்டுக்குக் கீழே போனால், அசைபோடும் கால்நடைகளின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் நாரைச் செரிக்கத் திணறுவதால், மாடு தின்னும் அளவே குறைந்துவிடும். மாசி முதல் வைகாசி வரை காய்ந்த புல்லை மேயும் மாட்டுக்குக் கடலைக்கொடியோ கொள்ளுப்பொட்டோ கொஞ்சம் புண்ணாக்கோ மாலையில் கொடுத்தால், அதே காய்ந்த புல்லை இன்னும் நன்றாகத் தின்று செரிக்கும். வெள்வேல மரம் இருக்கும் காட்டில் கோடையில் உதிரும் வேலாங்காய் ஆடுகளுக்கு இந்த வேலையைச் செய்துவிடுகிறது.

பொட்டலத்தில் எவரும் அச்சிடாத ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்தப் புல்லில் ஆக்சலேட் என்னும் பொருள் ஓரளவு இருக்கிறது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடுவதால் பொதுவாகத் தொல்லை இல்லை. பசியோடு வந்த மந்தையை மழைக்குப் பின் தழைத்த இளம்புல்லில் திடீரென்று வயிறார விடாமல், முதல் சில நாள் கொஞ்ச நேரம் மட்டும் மேயவிட்டால் போதும். குதிரைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நீண்ட காலம் இதையே தின்னும் குதிரைக்கு ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போட்டு, எலும்பு பலவீனமாகி முகம் வீங்கும் நோய் வரும் என்பது ஆஸ்திரேலியாவில் நன்கு அறியப்பட்டது. கொங்குப் பகுதியில் இன்றும் குதிரை வளர்ப்போர் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

நேப்பியரோடு ஒப்பிடும் கேள்விக்கு வருவோம். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கம்பு நேப்பியர் ஒட்டு ரகங்கள் பாசனத்திலும் உரத்திலும் ஹெக்டேருக்கு ஆண்டில் 350 முதல் 400 டன் வரை பசுந்தீவனம் தரும். நீலக் கொழுக்கட்டைக்குப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு, நான்கு முதல் ஆறு அறுப்புகளில் 40 டன். எங்களுடையதைப் போன்ற சரளைக் காட்டில் அந்த 40 டன்னும் கிடைப்பதில்லை. பத்தில் ஒரு பங்குதான் என்று இதைப் படிப்பவர்கள் கேட்கலாம். ஆனால் நேப்பியருக்கு வாராவாரம் தண்ணீர், அறுப்புக்கு அறுப்பு உரம், நாள்தோறும் அறுத்துச் சுமக்க ஆள் ஆகியவை வேண்டும். கொழுக்கட்டைப் புல்லுக்கு மழையும் வேலியும் போதும், அறுக்கும் வேலையை மாடே செய்கிறது, சாணத்தையும் அங்கேயே இட்டுவிடுகிறது. கிணறு வற்றிய ஆண்டில் நேப்பியர் கரணை கருகிப்போய், மறுபடி கரணை வாங்கி நட்டவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அரை ஏக்கருக்குத் தண்ணீர் உள்ளவர் அதில் நேப்பியரை வைத்துக்கொண்டு, மீதி மானாவாரி நிலம் முழுவதையும் இந்தப் புல்லுக்கு விடுவதே நான் பார்த்தவரை நன்றாக நடக்கும் பண்ணையம்.

இதே புல்லை வெளிநாடுகளில் வேறு கண்ணோடு பார்க்கிறார்கள் என்பதையும் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இறைச்சி மாட்டுப் பண்ணைகள் பெரும் பரப்பில் இதை நம்பி இருக்கின்றன. அதே நாட்டின் நடுப்பகுதிப் பாலைநிலத்திலும், அமெரிக்காவின் அரிசோனாவிலும், மெக்சிகோவின் சொனோரா பாலைவனத்திலும் இது அடங்காமல் பரவி, காய்ந்தபின் தீயைப் பரப்பி, தீக்குப் பழகாத மரங்களையும் பெரிய கள்ளிகளையும் அழிக்கிறது. நம் வறண்ட நிலங்களுக்கு இது சொந்தப் புல் ஆதலாலும், மேய்ச்சலும் வேலியும் கட்டுக்குள் வைத்திருப்பதாலும் அந்த நிலை இங்கே இல்லை. ஆனாலும் பங்குனி, சித்திரையில் காய்ந்து நிற்கும் காட்டுக்கு ஒரு பீடித் துண்டே போதுமானது. சாலையோரக் காடாக இருந்தால் வேலியை ஒட்டி ஒரு சால் அகலத்துக்காவது உழுது, வெறும் மண்ணாக விட்டு வைக்க வேண்டும்.

இந்த விதையை வாழ்நாளில் ஒரு முறை வாங்கினால் போதும் என்பதையும் அதன் சிறப்புகளுள் ஒன்றாகக் கருதுகிறேன். கொழுக்கட்டைப் புல்லின் விதை பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கையால் கருத்தரிக்காமலேயே உருவாகிறது. எனவே தாய்த்தூரின் குணம் மாறாமல் அப்படியே பிள்ளைத்தூருக்கும் வருகிறது, ஒட்டு ரகங்களைப் போல ஆண்டுதோறும் கடைக்குப் போக வேண்டியதில்லை. கதிர்கள் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை என்பதால், நுனியில் உதிரத் தொடங்கிய கதிர்களைக் காலை வேளையில் கையால் உருவி எடுத்து, சில நாள் விட்டு மறுபடியும் உருவ வேண்டும். உருவியதை நிழலில் காயவைத்து, காற்றோட்டமான துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டால் அடுத்த பருவத்துக்குள் உறக்கம் கலைந்து தயாராகிவிடும்.

இந்த ஆண்டு விதைக்க எண்ணுபவர்கள் ஆவணிக்குள் விதையைக் கையில் வாங்கி, நூறு உருண்டையை ஈரச்சாக்கில் பரப்பி நிழலில் வைத்துப் பத்துப் பன்னிரண்டு நாள் பார்க்கவும். முப்பது உருண்டைக்குக் குறையாமல் முளை காட்டினால் ஏக்கருக்கு மூன்று கிலோ போதும். இருபதுக்கு அருகில் நின்றால் ஐந்து கிலோ போடவும். அதற்கும் கீழே போனால், புரட்டாசி மழைக்கு முன் விதையைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குவதற்கு நேரம் இருக்கும்.